கதவு சுவிட்சில் நான் போட்ட ஜம்பர்

மகள் வேலை பார்க்கும் கம்பெனியின் எண் போனில் தெரிந்தபோது நான் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தேன். காலை ஏழரை இருக்கும். முதல் ஷிஃப்டுக்காக அவள் ஆறு மணிக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தாள். அவள் வேலை நேரத்தில் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பேன்.

"மேடம், பொண்ணுக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் மேனேஜர் ஆரம்பித்தார். என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "மிஷின்தான் நின்னுபோச்சு. நேத்து மத்தியானத்துலேந்து. நாலு மோட்டார்ல ரெண்டு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. நீங்களே வந்து பாத்துட்டா தேவல." கொஞ்சம் இழுத்தார். "நேத்து காலைல உங்க பொண்ணு லேப்டாப்ப மாட்டி உள்ள எதையோ நோண்டிகினு இருந்தாளாம். அதுக்கு அப்புறம்தான் இப்டி ஆச்சுன்றாங்க."

குக்கர் கையிலேயே இருந்தது. விசில் அடங்குவதற்குள் மூடியைத் திறந்து, ஆவி முகத்தில் அடித்து, அதற்கும் யாரையோ திட்டினேன்.

அவளுக்கு அங்கே ஆறு மாதத் தற்காலிக வேலை. அந்தச் சனிக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. திங்கட்கிழமை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்வார்கள். போன் வந்தது வியாழக்கிழமை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அந்தக் கம்பெனியின் மிஷினை நிறுவிய நாளிலிருந்து அதற்கு சர்வீஸ் பார்த்து வருகிறேன். டிப்ளமோ முடித்தபின் நான் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் கன்ட்ரோல் பேனலுக்கு வயரிங் செய்யத் தொடங்கியவள், பிறகு மோஷன் கன்ட்ரோலர், சர்வோ என்று கற்றுக்கொண்டு தனியாக சர்வீசுக்குப் போக ஆரம்பித்தேன். மகளும் அதே படிப்பைப் படித்தாள். "வேற ஏதாவது படியேன்" என்று நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் சாலை வழியாக ஸ்கூட்டரில் போனால் அரை மணி நேரம். அன்று ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. நின்ற வண்டிக்குள்ளே ஒரு டிரைவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் இரண்டு டிரெய்லருக்கு நடுவில், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் திரும்ப முடியாமல், அவள் என்ன செய்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எந்த எண்ணை மாற்றியிருப்பாள், எந்த வரியை அழித்திருப்பாள் என்று ஒரு பட்டியலே மனதில் ஓடியது. செய்தாளா என்ற கேள்வி ஓடவில்லை. அது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

அது இறால் ஏற்றுமதிக்கு அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி. மிஷினில் நான்கு சர்வோ மோட்டார்கள். அட்டைத் தாளை இழுக்க ஒன்று, மடிப்புக் கோடு போட ஒன்று, கத்தி பொருத்திய வண்டியைக் குறுக்கே ஓட்ட ஒன்று, வெட்டியதை அடுக்க ஒன்று. சாதாரண மோட்டாரை ஓடவிட்டால் ஓடும், நிறுத்தினால் நிற்கும், அவ்வளவுதான். சர்வோ மோட்டாரின் முதுகில் என்கோடர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். 'இப்போது இங்கே இருக்கிறேன், இப்போது இங்கே இருக்கிறேன்' என்று அது ஓயாமல் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் டிரைவ் அந்தத் தகவலைக் கேட்டுக் கேட்டுத்தான் மோட்டாருக்குக் கரன்ட் விடும். தகவல் ஒரு கணம் அறுந்தாலும் டிரைவ் பயந்துபோய் மோட்டாரைக் கைவிட்டுவிடும். அதற்குப் பிறகு கன்ட்ரோலர் எவ்வளவு ஆணை போட்டாலும் மோட்டார் அசையாது. எங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு முதலிலிருந்தே பிடித்துப்போனதற்கு என் சுபாவமும் காரணமாக இருக்கலாம்.

உள்ளே நுழைந்ததும் ஆபரேட்டர்தான் முதலில் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரர். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவர், முட்டி வலி வந்தபின் கடலை விட்டுவிட்டு இங்கே வந்து பல வருடம் ஆகிறது.

"இன்னாக்கா, மூஞ்செல்லாம் சாம்பலா கீது? அத்திப்பட்டு புகக்கூண்டுல பூந்து வந்தியா?"

"டிரெய்லருங்க விட்டாத்தானே. எங்க அவ?"

"பாப்பா அதோ கீது. காத்தால வந்ததுலேந்து டீ கூட குடிக்கல. நீ வந்து வேற கத்தாத."

மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைக் கட்டின் மேல் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் தோள் ஒரு அங்குலம் ஏறியது. பள்ளிக்கூட நாட்களில் மதிப்பெண் அட்டையை நீட்டும்போது அப்படி ஏறும்.

"இன்னாத்த மாத்தின?" என்றேன்.

"எதையும் மாத்தலம்மா. பேக்கப் எடுத்தேன். அவ்ளோதான்."

"ஓடிகினு இருந்த மிஷின்ல பேக்கப் எடுக்க யாரு சொன்னது?"

"நீதான். மிஷின தொட்டா மொதல்ல பேக்கப் எடு, மொதல்ல பேக்கப் எடுன்னு தூக்கத்துல கூட சொல்ற."

ஆபரேட்டர் சிரித்துவிட்டார். "தோ பார்ரா, வாத்தியாரே மாட்டிகினாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லேப்டாப்பை வாங்கி உட்கார்ந்தேன். என்னிடம் போன வருடத்து பேக்கப் இருந்தது. அதையும் கன்ட்ரோலரில் இப்போது இருப்பதையும் பக்கம் பக்கமாக ஒப்பிட ஆரம்பித்தேன். வரிசையாக எண்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் வேகம், முடுக்கம், எல்லை, ஆணைக்கு எவ்வளவு பின்தங்கினால் அலாரம் அடிக்க வேண்டும் என்ற கணக்கு. மகள் பின்னால் நின்றுகொண்டு, "ம்மா, மிஷின் சூடான அப்புறம்தான் நிக்குது. ஆற விட்டா ஓடுது. செட்டிங்ல தப்புன்னா எப்பவும்தானே நிக்கணும்?" என்றாள். சரியான கேள்வி. புதிதாகச் சேர்ந்த வேறு யாராவது கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். "சும்மா இரு, எண்ணிக்கை விட்டுப்போவுது" என்றேன்.

மேனேஜர் அரை மணிக்கு ஒருமுறை வந்து போனார். "ஹார்பர்ல கன்டெய்னர் நிக்குது மேடம். பெட்டி இல்லாம இறால கையில புடிச்சிகினா போவாங்க?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கண்ணை மட்டும் என் மகள் மீது வைத்துவிட்டுப் போவார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு எண் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தேன். கத்தி வண்டி மோட்டார் எவ்வளவு பின்தங்கலாம் என்ற எண். என் பேக்கப்பில் ஒன்று, கன்ட்ரோலரில் வேறு. எனக்குள் ஒரு மாதிரி வெற்றி. அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் வெற்றிதான்.

"இது இன்னா?"

அவள் குனிந்து பார்த்தாள். "அது நீ மாத்தினதும்மா. ஆயுத பூஜைக்கு முந்தி வந்தப்ப, கத்தி திக்குதுன்னு சொன்னாங்கன்னு ஏத்தி வெச்சியே. உன் கையெழுத்துல பேனல் கதவுல எழுதி கீது."

பேனல் கதவைத் திறந்து பார்த்தேன். முருகன் படமும், வேளாங்கண்ணி மாதா படமும், யாரோ ஒட்டிய எழுநூற்று எண்பத்தாறும் வரிசையாக இருந்தன. அவற்றுக்குக் கீழே என் கையெழுத்தில் அந்த எண்.

ஆபரேட்டர் இந்தத் தடவை சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அது அதைவிட மோசமாக இருந்தது.

பத்தரை மணிக்கு மிஷினைப் போட்டுப் பார்த்தோம். ஓடியது. நான்கு மோட்டாரும் ஒழுங்காக ஓடின. வெட்டிய அட்டைகள் அடுக்கில் விழுந்தன. மேனேஜர் ஓடிவந்து, "என்ன மேடம் பண்ணீங்க?" என்றார். ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாற்பது நிமிடம் கழித்துக் கத்தி வண்டி பாதி வழியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் தாள் இழுக்கும் மோட்டாரும் நின்றது. கன்ட்ரோலர் திரையில் ஆணை போய்க்கொண்டே இருக்கிறது. டிரைவில் சிவப்பு எழுத்து. ரீசெட் செய்தால் ஒரு நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும். ரீசெட், நிற்கும். ரீசெட், நிற்கும்.

இந்த மாதிரிப் பழுதுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு கையால் தொட்டு, ஆட்டி, முகர்ந்து பார்க்க வேண்டும். அப்புறம் மீட்டர். கடைசியில்தான் லேப்டாப். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று நான் லேப்டாப்பிலிருந்து ஆரம்பித்தேன். பழுது எங்கே என்று தேடவில்லை என்பது எனக்கு அப்போதே அரைகுறையாகத் தெரிந்திருக்க வேண்டும். என் மகளுடைய தப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். மேனேஜர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு மேல் ஒருவழியாக முறைக்கு வந்தேன். கத்தி மோட்டாரின் டிரைவையும் அடுக்கும் மோட்டாரின் டிரைவையும் இடம் மாற்றினோம். பழுது டிரைவோடு போகவில்லை, கத்தி மோட்டாரிடமே நின்றது. அப்படியென்றால் டிரைவ் நல்லது. கேபிளில் அல்லது மோட்டாரில் அல்லது இரண்டும் சேரும் பிளக்கில்தான் கோளாறு. இதை ஒன்பது மணிக்கே செய்திருக்கலாம்.

பிளக்கைப் பார்க்க வேண்டுமானால் பாதுகாப்புக் கதவைத் திறக்க வேண்டும். கதவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கதவு திறந்தால் மோட்டார்களுக்குப் போகும் மின்சாரம் அறுந்துவிடும். மூடினால் எல்லாம் முதலிலிருந்து: கன்ட்ரோலர் எழ வேண்டும், வண்டி தன் தொடக்கப் புள்ளியைத் தேடிப் போக வேண்டும், மூன்று நான்கு நிமிடம். ஆட்டிப் பார்க்கத் திறந்தால் மின்சாரம் இல்லை, மின்சாரம் வந்தால் ஆட்ட முடியாது. நான்கு தடவை திறந்து மூடினோம். ஐந்தாவது தடவை என் பையிலிருந்து ஜம்பரை எடுத்தேன்.

ஜம்பர் என்பது இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு சாண் வயர். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரிடமும் இருக்கும். சிலர் சட்டைப் பையில் பேனாவோடு சேர்த்து வைத்திருப்பார்கள். கதவு சுவிட்சின் இரண்டு முனைகளையும் அதனால் இணைத்துவிட்டால் மிஷின் கதவு மூடியிருப்பதாக நம்பிக்கொள்ளும். தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் போடுவோம். 'ரெண்டு நிமிஷம்தானே' என்று சொல்லிக்கொண்டு போடுவோம்.

நான் அதோடும் நிறுத்தவில்லை. ரீசெட் பட்டனை அழுத்தி அழுத்தி வெறுத்துப்போய், கன்ட்ரோலரில் இரண்டு வரி சேர்த்தேன். அலாரம் வந்தால் தானே ரீசெட் செய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடு என்று. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், எந்த அசைவில் தகவல் அறுகிறது என்று தெரிந்துவிடும்.

"ம்மா, ஜம்பர் வேணாமே" என்றாள்.

"ரெண்டு நிமிஷம்."

"கரன்ட்ட ஆஃப் பண்ணிட்டு பிளக்க கழட்டி பாக்கலாம்மா. வெளிய எடுத்தா எதுனா தெரியும்."

"ஆஃப் பண்ணா எங்க விடுதுன்னு எப்டி தெரியும்? எனக்கு சொல்லித்தராத. கைய வுட்டு ஆட்டு, நான் ஸ்கிரீன பாக்குறேன்."

ஏன் அவள் கை? கத்தி வண்டி ஓடும் தண்டவாளத்துக்கும் மிஷின் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி குறுகலானது. என் கை நுழையாது, ஆபரேட்டர் கையும் நுழையாது. அவள் கை மெலிந்தது. காரணம் அவ்வளவுதான். அதைச் சொன்னதும் நான்தான்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முழங்கை வரை வலது கையை உள்ளே விட்டாள். நான் திரையைப் பார்த்தேன். தகவல் இல்லை, இல்லை, ஒரு துடிப்பு, மறுபடி இல்லை.

"இன்னாமா இது, உள்ள எல்லாம் பிசுபிசுன்னு... கிரீஸா இது?" என்று கையை வெளியே எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

கத்தி வண்டி பாய்ந்தது.

ஓடியது என்று சொல்ல முடியாது. எல்லைத் தடுப்பில் போய் மோதிய சத்தம் வந்த பிறகுதான் அது கிளம்பியிருக்கிறது என்றே எனக்குப் புரிந்தது. அவள் ஆட்டியதில் பிளக் பிடித்துக்கொண்டிருக்கிறது. தகவல் திரும்பிவிட்டது. நான் எழுதிய இரண்டு வரி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆபரேட்டர் எப்போது சிவப்புப் பட்டனை அறைந்தார் என்று நான் பார்க்கவில்லை. மிஷின் அடங்கியது. கம்ப்ரசர் சத்தம் மட்டும் எங்கோ கேட்டது.

அவள் கை இன்னும் என்னை நோக்கி நீட்டியபடியே இருந்தது. ஐந்து விரல்களிலும் கருப்பு கிரீஸ். நான் எண்ணினேன். உண்மையாகவே எண்ணினேன், கட்டைவிரலிலிருந்து.

பிறகு நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "கைய ஏன் எடுத்த?" என்று கத்தினேன். "ஆட்ட சொன்னா ஆட்டிகினே இருக்க மாட்டியா? யாரு உன்ன கைய எடுக்க சொன்னது?"

ஆபரேட்டர் என்னை ஒரு புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"யக்கா" என்றார் மெதுவாக. "இன்னாக்கா கேக்குற நீ?"

அப்போதுதான் நான் என்ன கேட்டேன் என்று என் காதுக்கே எட்டியது. அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். யாரோ சோடா வாங்கி வந்து கையில் கொடுத்தார்கள். அவளைத் தொட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் பிளக்குக்குப் பக்கத்தில் நின்று விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஷின் கிரீஸ் மாரி இல்ல இது" என்றாள்.

ஆபரேட்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "பாப்பா, அது நம்ம கிரீஸு" என்றார்.

போன வாரம் மழைக்குப் பிறகு அவர் மிஷினைச் சுத்தம் செய்தபோது மோட்டார் பிளக்குகள் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தனவாம். படகில் பேட்டரி முனைகளில் கருப்பு கிரீஸை அப்பி வைப்பார்கள், உப்புக் காற்று அண்டாது. வீட்டில் ஒரு டப்பா மிச்சம் இருந்திருக்கிறது. "கடக்காத்து துன்னுதே, பாவம்னு தொறந்து வெச்சேன்க்கா. போட்ல பத்து வர்சம் அப்டித்தான் வெச்சிகினு கெடந்தேன். ஒரு நாளு இன்ஜின் ஸ்டார்ட் ஆவாம இருந்ததில்ல."

"எத்தினி பிளக்ல வெச்சீங்க?" என்று கேட்டாள் என் மகள்.

"நாலுத்துலயும்தான். ஒண்ணுக்கு வெச்சிட்டு ஒண்ணுக்கு வெக்காம வுடுவனா?"

படகு பேட்டரியில் பாயும் கரன்டுக்கு அந்தக் கிரீஸ் ஒரு பொருட்டே இல்லை. என்கோடர் அனுப்பும் தகவலோ மிக மெல்லிய மின்சாரம். மின்சாரத்தைக் கடத்தும் கிராஃபைட் கலந்த கிரீஸ், அதில் இந்தப் பக்கம் காற்றில் எப்போதும் மிதக்கிற அனல் மின் நிலையச் சாம்பல் சேர்ந்து குழம்பு. மிஷின் ஆறியிருக்கும்போது அது ஒரு மூலையில் ஒட்டிக் கிடந்திருக்கிறது. சூடானதும் இளகி முனைகளுக்கு நடுவே ஓடியிருக்கிறது. இரண்டு மோட்டார் முதலில் விழுந்தன. மற்ற இரண்டும் இன்னும் சில நாளில் விழுந்திருக்கும்.

மெயின் சுவிட்சை அணைத்தாள். ஜம்பரைக் கழற்றி என் பைக்குள் போட்டாள். நான் சேர்த்த இரண்டு வரியை அழித்தாள். பிறகு நான்கு பிளக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கிளீனர் ஸ்பிரேயும் பெயின்ட் பிரஷும் வைத்துத் தேய்த்தாள். நான் அட்டைக் கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆபரேட்டர் டார்ச் பிடித்தார். மூன்று மணிக்கு மிஷினைப் போட்டார்கள். ஐந்து மணி வரை நிற்கவே இல்லை.

மேனேஜருக்கு விஷயம் தெரிந்ததும் மகள் மீதிருந்த அவர் பார்வை ஆபரேட்டர் மீது போனது. "பெருசு, உன் படகா இது? எவனக் கேட்டு தடவின?" என்று ஆரம்பித்தார். ஆபரேட்டர் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சர்வீஸ் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். பழுதின் காரணம்: என்கோடர் பிளக்குகளில் கிரீஸ். மென்பொருள் அமைப்புகளில் மாற்றம் ஏதும் இல்லை. இந்த வரியின் கீழே கோடு போட்டேன். என் மகள் பெயர் சுத்தமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம்.

"அதையும் எழுதும்மா" என்றாள். எனக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எத?"

"ஜம்பர. அந்த ரெண்டு வரிய."

மேனேஜர் திரும்பினார். "அதெல்லாம் எதுக்கு பாப்பா? யாருக்கும் ஒண்ணும் ஆவல. நம்மகுள்ள வெச்சிப்போம். நாளைக்கு ஆடிட்ல எவனாச்சும் படிச்சான்னா பேஜாரு. அம்மாவுக்கும் கெட்ட பேரு."

"சார், நாளைக்கு இந்த மிஷின்ல கைய வெக்கப்போறது நான்தான்" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். பெற்ற தாயை நாலு பேர் முன்னால் எழுதச் சொல்கிறாளே என்று. இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கம் எல்லாக் கம்பெனியிலும் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. மேனேஜர் காத்திருந்தார், நான் அவர் பக்கம் பேசுவேன் என்று. பிறகு எழுதினேன். கதவு சுவிட்சில் ஜம்பர் போட்டது நான். தானாக ரீசெட் ஆகும்படி வைத்தது நான். மோட்டாருக்கு மின்சாரம் இருக்கும்போது தொழிலாளியைக் கையை உள்ளே விடச் சொன்னது நான். 'தொழிலாளி' என்று எழுதிய இடத்தில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் இருவரும் போனோம். பின்னால் உட்கார்ந்திருந்தவள் வழக்கமாக என் தோளைப் பிடிப்பாள். அன்று பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். திருவொற்றியூர் சிக்னலில் நின்றபோதுதான் பேசினாள்.

"வந்ததுலேந்து இன்னாத்த மாத்தின, இன்னாத்த மாத்தினன்னே கேட்டம்மா. மாத்தினியான்னு ஒரு வாட்டி கூட கேக்கல."

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு டேங்கர் ஹாரன் அடித்தது. வண்டியைக் கிளப்பினேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவள் சாப்பிடும்போது, தலை வாரும்போது, போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவள் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "இன்னாமா அப்டி பாக்குற?" என்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன். கிரீஸ் பிசுபிசுப்பு அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று, அதனால் கையை எடுத்தாள். பொறுத்துக்கொண்டு இன்னும் இரண்டு நொடி ஆட்டியிருந்தால்? நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக அந்த இரண்டு நொடி இருந்திருந்தால்? இதற்கு மேல் என்னால் யோசிக்க முடிவதில்லை. எழுந்து போய் எதையாவது கழுவ ஆரம்பித்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை அவளை நிரந்தரம் ஆக்கினார்கள். ரிப்போர்ட்டினாலா, அது இருந்தும்கூடவா என்று எனக்குத் தெரியாது. ஆபரேட்டரை வேலையை விட்டு அனுப்பவில்லை. இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டார்கள். கதவு சுவிட்சைக் கழற்றிவிட்டு, வயர் போட்டு ஏமாற்ற முடியாத வேறு வகை சுவிட்சை மாட்டச் சொல்லி என் மகள் எழுதிக் கொடுத்தாள். மாட்டினார்கள்.

வேலை நிரந்தரமான செய்தியைச் சொன்ன அன்றைக்கே இன்னொன்றும் சொன்னாள். "இனிமே எங்க கம்பெனிக்கு சர்வீசுக்கு நீ வராதம்மா." நான் சண்டை போட்டேன். அந்த மிஷினுக்கு முதல் வயர் இழுத்ததே நான் என்றேன். தப்பை எழுதிக் கொடுத்துவிட்டேனே, இன்னும் என்ன என்றேன். அவள் சண்டைக்கு வரவில்லை. வராதம்மா என்று மறுபடி சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். ஒரு வாரம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எரிச்சலாகவே இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனாலும் போகவில்லை.

போன மாதம் மேனேஜர் போன் செய்தார். வருடாந்திர சர்வீசுக்கு நாள் கேட்டார். இந்தத் தொழிலில் நம்பிக்கையான வேறொருவரின் நம்பரைத் தருகிறேன் என்றேன்.

"ஏன் மேடம்? உங்க பொண்ணு வேல பாக்குற எடம். நீங்களே வந்தா அவளுக்குப் பாதுகாப்பா இருக்கும்ல?"

"வேற ஆள் தப்பா எதுனா பண்ணா அவ தடுப்பா சார்" என்றேன். "நான் பண்ணா, எனக்கு சொல்லித்தராதன்னு அவ வாய அடச்சிடுவேன்."

அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. நம்பரை மட்டும் எழுதிக்கொண்டார்.